வண்டியை நாலு விரல் இறக்கியது

என் உயரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. ரேஷன் கார்டிலும் கேட்கவில்லை, ஆதாரிலும் கேட்கவில்லை. அரசாங்கம் எனக்குச் செய்த ஒரே நல்லது அதுதான். படகில் உயரத்துக்கு வேலையும் கிடையாது. வலை இழுக்கக் கை வேண்டும், ஆடாமல் நிற்கப் பாதம் வேண்டும். உயரமானவன்தான் முதலில் தண்ணீரில் விழுவான். இதை நாற்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். கேட்டவர்கள் எல்லாருமே தலையைக் குனிந்துதான் கேட்டார்கள். மரியாதையில் இல்லை, நான் அங்கேதான் இருந்தேன்.

அறுபத்துநாலு வயதில் எனக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்தது. அதுவரை மொபெட்தான். குப்பத்து உப்புக்காற்று அதைத் தின்று முடித்தபோது இன்னொரு மொபெட் வாங்கியிருக்கலாம். புத்தியுள்ளவன் வாங்கியிருப்பான். நான் ஆரம்பாக்கத்தில் அங்கமுத்து என்ற ரிட்டயர்டு போலீஸ்காரரிடம் பழைய மோட்டார் சைக்கிளைப் பார்க்கப் போனேன். விற்கிறவன் எவனையும் நம்பாதவன் நான். டயரை உதைத்தேன், டேங்கை முகர்ந்தேன், சங்கிலியை இழுத்துப் பார்த்தேன். இவ்வளவும் செய்தேன், ஏறி உட்கார்ந்து மட்டும் பார்க்கவில்லை. அங்கமுத்து ஆறடி. அவர் ஏறிச் சுற்றிக் காட்டினார். அவருக்குக் கீழே வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது.

"காலு எட்டுமா பெரியவரே?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எட்டும்" என்றேன்.

எட்டவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஒரு கால் கட்டைவிரல் தரையைத் தொடும். மற்றக் கால் அந்தரத்தில் கிடக்கும். ஓடுகிற வண்டிக்குக் கால் எதற்கு என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வண்டி ஓடத்தான் செய்தது. நிற்பதுதான் கஷ்டம்.

கடலில் மீன் கிடக்கும் இடத்துக்கு நாங்கள் அடையாளம் வைத்திருப்போம். கரையில் கோயில் கோபுரமும் ஒரு பனையும் ஒரே நேராக வந்தால் அங்கே வலையை விடு என்று. அதே கணக்கை ரோட்டில் போட்டேன். எங்கள் குப்பத்திலிருந்து பாலம் தாண்டிப் பழவேற்காடு, அங்கிருந்து பொன்னேரி. அவ்வளவு தூரத்துக்கும் கால் வைத்து நிற்கத் தோதான மைல் கல், மதகுச் சுவர், கடைப்படி எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த இடங்களில் மட்டும் நிறுத்துவேன். நடுவில் யார் கைகாட்டினாலும் பார்க்காதவன் மாதிரி போய்விடுவேன். கோதண்டத்துக்கு மோட்டார் சைக்கிள் வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. உண்மை தெரிந்தால் அதைவிட மோசமாகப் பேசுவார்கள்.

இதில் அவதிப்பட்டவள் என் பெண்டாட்டி பச்சையம்மா. முப்பது வருஷம் தலையில் மீன்கூடை சுமந்து அவளுக்கு இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் பொன்னேரிக்குப் போய் இடுப்புக்குக் கரண்ட் வைத்துக்கொண்டு வரவேண்டும். குலுங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்கக் கல் கிடையாது. அதனால் நூறு அடி தாண்டி மாவு மில் படிக்கட்டில் கொண்டுபோய் இறக்குவேன். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடப்பாள்.

"இன்னாத்துக்குயா இங்க எறக்கற?"

"அங்க கூட்டமா கீது."

"மாடு ஒண்ணுதான் கீது."

ஒரு செவ்வாய்க்கிழமை பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்கு முன்னால் ஒரு வேன் குறுக்கே நின்றுவிட்டது. வெளியூர்க்காரர்கள் இறங்கி, வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரேக் பிடித்தேன். பக்கத்தில் கல்லும் இல்லை, படியும் இல்லை. வண்டி நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் நேராக நின்றது. பிறகு மெதுவாக, மரம் சாய்கிற மாதிரி, நானும் பச்சையம்மாவும் வண்டியும் இடப்பக்கம் சாய்ந்தோம். வெளியூர்க்காரர்கள் எலும்புக்கூட்டை விட்டுவிட்டு எங்களைப் படம் எடுத்தார்கள்.

பச்சையம்மாவுக்கு அடி ஒன்றும் பெரிதாக இல்லை. மணலில் உட்கார்ந்தபடியே கல்லறை வாசலைப் பார்த்தாள்.

"யோவ், அந்த எலும்புக்கூடு கூட நின்னுக்கினுதான் கீது."

வீட்டுக்கு வந்து சத்தம் போடாமல் சொன்னாள். அவள் சத்தம் போட்டால் பயமில்லை. சத்தம் போடாமல் சொன்னால் மாற்ற மாட்டாள்.

"உன் ரெண்டு காலும் தரையில பட்டாத்தான் இனிமே ஏறுவேன். அதுக்குனு கட்டவண்டி மாதிரி இடிச்சாலும் ஏற மாட்டேன். அதுவரைக்கும் பூபதி வண்டியில போய்க்கறேன்."

பூபதி என் சகலை. அவள் தங்கச்சி புருஷன். மீஞ்சூரில் கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்தில் வேலை. ஸ்கூட்டர் வைத்திருக்கிறான். கொக்குக் கால். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டில்பாருக்கு மேலே நிற்கும். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன், கூப்பிட்ட உடனே வருவான். அவனிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான். கெட்டவனாக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

வெள்ளிக்கிழமை பச்சையம்மா அவன் பின்னால் ஏறிப் போனாள். அடுத்த செவ்வாயும் போனாள். டீக்கடையில் கேட்டார்கள்: "இன்னா கோதண்டம், புது வண்டி உன்னுது, வூட்டுக்காரம்மா வேற வண்டியில போறாங்க?" பூபதிக்குப் பழவேற்காட்டில் வேலை இருந்தது, போகிற வழியில் கூட்டிக்கொண்டு போனான் என்றேன். மூன்றாவது தடவை அந்தப் பதில் செல்லவில்லை. முப்பத்தெட்டு வருஷம் என் சோற்றில் உப்புப் போட்டவள் இன்னொருத்தன் தோளைப் பிடித்துக்கொண்டு பாலம் தாண்டுகிறாள், நான் கரையில் நின்று பார்க்கிறேன். இதை எப்படியாவது நிறுத்தவேண்டும்.

கலந்தர் கடைக்குப் போனேன். பழவேற்காடு கடைத்தெருவில் மெக்கானிக். நாற்பது வயதிருக்கும். பேச்சு அதிகம். பேச்சு அதிகமான மெக்கானிக்கை நான் நம்ப மாட்டேன். பேசாத மெக்கானிக்கையும் நம்ப மாட்டேன்.

"பாய், இந்த வண்டிய கொஞ்சம் இறக்கணும். எங்க வூட்ல ஏற முடியல."

கலந்தர் என் காலைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அப்போதே போயிருப்பேன்.

"வூட்டம்மாக்குதானே நைனா? சரி. இறக்கலாம். முன்னால ஃபோர்க் பிடிப்பைத் தளர்த்தி, இந்த ரெண்டு கொழாயையும் மேல ஏத்திக் கட்டுனா மூக்கு இறங்கிக்கும். பின்னால ஸ்பிரிங்கு சுத்துன ஷாக்கு கீதே, அதுக்குப் பதிலா குட்டை ஷாக் போடணும். முன்ன எவ்ளோ இறக்கறமோ பின்னயும் அவ்ளோ இறக்கணும், இல்லாட்டி வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்காது. அப்பால சீட்டு. தொடை வர்ற எடத்துல ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்ச சீவணும். பாதிக் காலு அந்த அகலத்துலயே போயிடுது. கடசியா சைடு ஸ்டாண்ட வெட்டிக் குட்டையாக்கணும்."

"ஸ்டாண்டு எதுக்கு?"

"வண்டி இறங்கிட்டா பழைய ஸ்டாண்டு நீளமாயிடும். சாயாம நெட்டுக்கா நிக்கும். காத்தடிச்சா அந்தப் பக்கம் வுழுந்துரும்."

"இருக்கற ஸ்பிரிங்க வெட்டிட்டா?"

"இறங்கும். ஆனா மிச்ச ஸ்பிரிங்கு கல்லாயிடும் நைனா. பின்னால உக்காந்தவங்க ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்னைத் திட்டுவாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நாலு வேலை சொல்கிறவன் நாலு தடவை அலைய வைப்பான். அதுவுமில்லாமல் எனக்கே ஒரு யோசனை வந்திருந்தது. வண்டிக்கும் ஸ்பிரிங் இருக்கிறது, மேலே ஏறினால் அமுங்குகிறது. படகும் அப்படித்தானே? வெறும் படகு தண்ணீருக்கு மேலே எம்பி ஆடும். மணல் மூட்டை பாரம் போட்டால் இறங்கி, ஆடாமல், சொகுசாகப் போகும். இது குப்பத்தில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். கலந்தருக்குத் தெரியவில்லையே என்று அவன்மேல் பரிதாபம் வந்தது.

இரண்டு யூரியா சாக்கில் மணலை நிரப்பினேன். வலைக்கயிற்றால் பின்சீட்டுக்கு இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக் கட்டினேன். வண்டி முனகிக்கொண்டே இறங்கியது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலிலும் முன்பாதம் தரையில் பட்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படியே பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பூபதி வருவதற்கு முன்பே வண்டியை வாசலில் நிறுத்தினேன்.

"பாரு. ரெண்டு காலும்."

பச்சையம்மா தலையைச் சாய்த்துக் காலைப் பார்த்தாள். மூட்டையைத் தட்டிப் பார்த்தாள். "இன்னாயா இது, பொணத்துக்குக் கல்லு கட்ன மாதிரி" என்றாள். ஆனாலும் ஏறினாள். அவள் எப்போதும் ஒருக்களித்து இடப்பக்கம் கால் போட்டு உட்காருபவள். கால் வைக்க மூட்டை மெத்தை மாதிரி இருந்தது. "நல்லாத்தான் கீது" என்று அவள் சொன்னதை இந்தக் காதால் கேட்டேன்.

பாலத்தில் ஏறும் இடத்தில் ஒரு மேடு. அதில் ஏறி இறங்கியபோது 'டங்' என்று சத்தம். ஸ்பிரிங் ஏற்கெனவே முழுசாக அமுங்கிப்போயிருந்தது, மேற்கொண்டு அமுங்க இடமில்லை. அடி நேராக அவள் இடுப்பில் இறங்கியது. படகுக்குக் கீழே தண்ணீர், அது ஒதுங்கிக் கொடுக்கும். தார் ஒதுங்காது. இதை நான் பாலத்தின் நடுவில் யோசித்தேன், பாலத்துக்கு முன்னால் யோசித்திருக்கவேண்டும்.

"யோவ், நிறுத்து."

"ஒரு மேடுதான், முடிஞ்சிச்சி."

பாலத்தைத் தாண்டியதும் வண்டி இடப்பக்கம் இழுத்தது. வலப்பக்க மூட்டை சைலன்சரில் உரசிச் சாக்கு உருகி, ஓட்டை வழியாக மணல் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியாது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிறவன் எல்லாம் முகத்தைத் துடைக்கிறான். இடப்பக்கம் முழு மூட்டை, அதே பக்கம் பச்சையம்மா கால், வலப்பக்கம் காலிச் சாக்கு. வண்டி சாய்ந்துகொண்டே போகிறது. படகு சாய்ந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தேன்.

"வலப்பக்கம் நவுரு! உடம்ப அந்தப் பக்கம் போடு!"

"வலப்பக்கம் எங்கயா கீது, அந்தப் பக்கம் என் முதுகுதான் கீது!"

கடைத்தெரு வரை இரண்டு பேரும் வலப்பக்கம் உடம்பை வளைத்துக்கொண்டு, பாய்மரப் படகில் காற்றை எதிர்த்துச் சாய்கிற மாதிரி போனோம். கலந்தர் கடையை அப்படியே கடந்தோம். அவன் கையில் ஸ்பேனரோடு எழுந்து நின்று பார்த்தான். பஸ் நிற்கும் இடத்தில் அவள் இறங்கிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தால், பாலத்திலிருந்து என் பின்சக்கரம் வரை மணல் கோலம் போட்ட மாதிரி ஒரே கோடு.

பச்சையம்மா ஷேர் ஆட்டோவில் ஏறிப் பொன்னேரிக்குப் போனாள். அன்று இரவு இடுப்பில் எண்ணெய் தேய்க்கக்கூட என்னை விடவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டுத் தேய்த்துக்கொண்டாள்.

மறுநாள் வண்டியைக் கலந்தர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"இன்னா நைனா, மணல் வியாபாரம் முடிஞ்சிச்சா?"

"நீ சொன்ன வேலைய செய். சீக்கிரமா செய்."

"செய்றேன். வூட்டம்மாக்கு இல்ல, ஒனக்குத்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எவ்ளோ இறக்கணும்னு தெரியணும். கால அளக்கறேன், நில்லு."

டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான். கடைக்கு வெளியே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் நகர்ந்தேன்.

"நீ இன்னா டெய்லரா? என் காலு எனக்குத் தெரியும். கவுட்டிலேர்ந்து குதிகால் வரைக்கும் ஒரு முழம், ஒரு சாண், நாலு விரல்."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் வலைக்கண்ணை விரலால்தான் அளப்போம். இத்தனை விரல் கண் என்றால் அத்தனைதான். ஒரு விரல் தப்பினால் மீன் தப்பிவிடும். அதனால் மீன்காரன் விரல் கணக்குச் சொன்னால் ஊரில் யாரும் மறுபடி அளந்து பார்க்க மாட்டார்கள். கலந்தரும் பார்க்கவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். அந்த நாலு விரலை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. வெளியே நாலு பேர் இருந்ததால் நாலு வந்ததோ என்னவோ.

மூன்று நாளில் வண்டி தயார். வாசலிலேயே ஏறி இரண்டு காலையும் ஊன்றிப் பார் என்றான் கலந்தர். அவன் கண்ணெதிரில் ஊன்றினால் குறை சொல்ல முடியாமல் செய்துவிடுவான் என்று நினைத்து, கடைப்படியிலிருந்தே ஏறி ஓட்டிக்கொண்டு குப்பத்துக்கு வந்துவிட்டேன். வண்டி பூ மாதிரி வந்தது. பாலத்து மேட்டில் ஏறினதே தெரியவில்லை. வீட்டு வாசலில் நிறுத்திக் காலை ஊன்றினேன். முன்பு ஒரு கட்டைவிரல்; இப்போது மூன்று விரல். அதற்கு மேல் காற்றுதான்.

நேராக டீக்கடைக்குப் போனேன். கலந்தர் ஏமாற்றிவிட்டான், ஷாக்கை மாற்றவே இல்லை, பழையதைத் துடைத்துப் போட்டிருக்கிறான் என்று இருக்கிறவன் காதிலெல்லாம் ஓதினேன். அப்பவே நினைத்தேன், அவன் முழி சரியில்லை என்றும் சொன்னேன். எனக்குப் படிப்பு அஞ்சாவது. ஆனால் அடுத்தவன் மேல் பழி போட அவ்வளவு தேவையில்லை.

சாயங்காலத்துக்குள் அது கடைத்தெருவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் பூபதி வந்தான்.

"அண்ணே, கலந்தர் பாய் ஒங்கள வரச் சொன்னாரு. அக்காவையும் கூட்டிக்கினு வரச் சொன்னாரு."

"அவளை எதுக்கு?"

"தெரியாது. கழட்டுன பழைய ஷாக்க துணியில சுத்தி எடுத்து வச்சிக்கினு கீறாரு. பாக்கறவங்களுக்கெல்லாம் காட்டறாரு."

அவளை விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். ஆனால் பச்சையம்மா ஏற்கெனவே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் பூபதி ஸ்கூட்டரில், நான் என் வண்டியில். முன்னால் அவர்கள் போக, பின்னால் நான், மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் வண்டி போகிற மாதிரி போனேன்.

கலந்தர் கோபப்படவில்லை. பழைய ஷாக்கை வண்டியில் மாட்டியிருந்த புதியதன் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். உயர வித்தியாசம் குருடனுக்கும் தெரியும்.

"நான் ஏமாத்தலை நைனா. ஒரு முழம் ஒரு சாண் நாலு விரலுக்கு இந்த வண்டி சரியா வரணும். ஏன் வரலைன்னு ராவெல்லாம் யோசிச்சேன். தப்பு எங்கனு தெரியல. அதான் அம்மாவையும் கூப்ட்டேன், ரெண்டு பேரும் உக்காந்தா எவ்ளோ அமுங்குதுனு பாக்கலாம்னு."

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷம் என் லுங்கிக்கு ஓரம் மடித்துத் தைத்தவள்.

"எவ்ளோ சொன்னாரு?"

"ஒரு முழம், ஒரு சாண், நாலு விரலு."

"யோவ், இங்க வா."

வெளியே அன்றும் ஆட்கள் இருந்தார்கள். டீக்கடையில் நான் ஏசினதைக் கேட்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கூடுதல். பச்சையம்மாவால் குனிய முடியாது என்பதால் என்னைக் கடை ஸ்டூலில் ஏறி நிற்கச் சொன்னாள். நின்றேன். லுங்கியைச் சேர்த்துப் பிடித்து, இடுப்புக்குக் கீழே முழங்கையை வைத்து ஒரு முழம் போட்டாள். அங்கிருந்து சாண் போட்டாள். சாண் முடிந்த இடத்தில் குதிகாலும் முடிந்தது.

"நாலு விரல் எங்கயா?"

நான் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"பாய், ஒரு முழம் ஒரு சாண். அந்த நாலு விரலு இந்தாளு வாயில கீது."

வெளியே ஒருவர்கூடச் சிரிக்காமல் இல்லை. பூபதி மட்டும் சிரிக்கவில்லை. அதற்கும் சேர்த்து அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது. கலந்தர் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"ஊர்ல சொன்னத இன்னா பண்றது நைனா?"

"டீக்கடையில போய் நானே சொல்றேன்" என்றேன். "நான்தான் பொய் சொன்னேன், நீ ஏமாத்தலனு."

"அவ்ளோதான் வேணும். தலை நிமிந்து நடக்க முடியல எனக்கு, மூணு தலமொறையா இந்தத் தெருவுல கடை வச்சிருக்கோம்."

இதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. அதுவரை அவனுக்கும் ஒரு பேர் இருக்கிறது, அதை நான் மணல் மூட்டை மாதிரி உரசி ஓட்டை போட்டிருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டூலிலிருந்து இறங்கினேன். இறங்கினதும் எல்லாரும் பழையபடி உயரமாகிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. ஃபோர்க்கை இன்னும் மேலே ஏற்றினான். பின்னால் இன்னும் குட்டையான ஷாக் மாட்டினான். சீட்டில் தொடைப்பக்கம் இன்னும் கொஞ்சம் சீவினான், பச்சையம்மா உட்காரும் பக்கம் கை வைக்கவில்லை. ஸ்டாண்டை மறுபடி வெட்டி ஒட்டினான். பிறகு எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, இறக்கி, மறுபடி உட்காரவைத்து, குனிந்து குனிந்து பார்த்தான். கடைசியில் எழுந்து நின்று சொன்னான்.

"நைனா, இப்ப ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சிச் சொல்லு. அம்மா பின்னால உக்காந்தா வண்டி இன்னும் ஒரு விரல் இறங்குது. அப்ப ஒனக்கு ரெண்டு பாதமும் முழுசாப் படுது. அம்மா எறங்கிட்டா அந்த ஒரு விரலு மேல ஏறிக்குது, நீ நுனிக்கால்ல நிக்கணும். ஒனக்குத் தனியாவும் முழுசாப் படணும்னா இன்னும் ஒரு விரல் இறக்கறேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா அப்பால ஷாக்கு அமுங்க எடம் பத்தாது. அம்மா ஏறுனா மேட்டுல இடிக்கும். ஒன் காலா, அவங்க இடுப்பா, சொல்லு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பச்சையம்மா பார்க்கவில்லை. அவள் பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது இரண்டு காலும் படவேண்டும் என்று. இடிக்கவும் கூடாது என்று. இரண்டும் சேர்ந்து அவள் ஏறினால் மட்டும்தான் நடக்கும். அவள் ஏறவில்லை என்றால் ஊர் பார்க்க நான் நுனிக்காலில் ஆடிக்கொண்டிருக்கவேண்டும். ஒரு விரல் இறக்கிக்கொண்டால் ஊருக்கு முன்னால் ஆம்பிளையாக நிற்கலாம், பின்னால் ஆள் இருக்காது.

"இடிக்கக்கூடாது" என்றேன்.

"அப்ப தனியாப் போறப்ப?"

"நான் பாத்துக்கறேன்."

"எங்க பாத்துக்கறது? கீழ இருந்தா?" என்றாள் பச்சையம்மா, ரோட்டைப் பார்த்தபடியே.

ஆனால் வெள்ளிக்கிழமை ஏறினாள். பூபதியையும் பின்னாலேயே வரச் சொல்லியிருந்தாள். "இவரு இன்னும் இன்னா இன்னா பொய் சொல்லி வச்சிக்கினு கீறாரோ" என்று அவனிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

கல்லறைக்கு முன்னால் அன்றைக்கும் கூட்டம். வேண்டுமென்றே நிறுத்தினேன். இரண்டு பாதமும் தரையில், செருப்பு முழுசாக. ஒன்றும் நடக்காத மாதிரி மீசையைத் தடவினேன். யாரும் படம் எடுக்கவில்லை.

வழியெல்லாம் பச்சையம்மா என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள். சைலன்சரில் உருகின சாக்கிலிருந்து ஆரம்பித்து, கல்யாணத்தன்று நான் செங்கல்மேல் நின்று தாலி கட்டினது வரை போனாள். முன்பெல்லாம் மேடு வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள், பேச்சு அறுந்துபோகும். இன்றைக்கு எத்தனை வேகத்தடை வந்தது, ஒன்றில்கூட அவள் பேச்சு அறுபடவில்லை. பொன்னேரி வரை ஒரே இழுவையாகத் திட்டினாள். கலந்தர் நல்ல மெக்கானிக்தான் என்று அப்போது ஒத்துக்கொண்டேன்.

முதல் தடவையாக ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்தினேன். கல் இல்லை, படி இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எறங்கு" என்றேன். இறங்கினாள். வண்டி ஒரு விரல் மேலே ஏறியது.

கலந்தர் சொல்லியிருந்தான். நானும் பாத்துக்கறேன் என்று சொல்லியிருந்தேன். மறந்துவிட்டேன். பாதம் தரையைவிட்டுக் கிளம்பியது, வண்டி சாய்ந்தது, நுங்கு விற்கிறவள் கூடையை இழுத்துக்கொள்ள, நான் அவள் பக்கத்தில் போய்ப் படுத்தேன். ஆஸ்பத்திரி வாசல் என்பதால் உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் அக்கறையாக எட்டிப்பார்த்தாள்.

பச்சையம்மா பையோடு நின்றபடி என்னைப் பார்த்தாள்.

"இன்னாயா, நான் எறங்குனதும் நீயும் எறங்கிட்ட?"

பூபதி ஓடிவந்து வண்டியைத் தூக்கினான். கொக்குக் காலை அகட்டி வைத்து ஒற்றைக் கையால் நிமிர்த்தினான். எனக்கு முழங்கையில் தோல் போயிருந்தது, அவ்வளவுதான். அவள் கரண்ட் வைத்துக்கொண்டு வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றோம். அவன் ஸ்கூட்டர் ஒரு பக்கம், என் வண்டி ஒரு பக்கம்.

பச்சையம்மா வெளியே வந்தாள். ஸ்கூட்டரைப் பார்த்தாள். பிறகு என் முழங்கையைப் பார்த்தாள்.

"நீ போ பூபதி" என்றாள்.

"இன்னாக்கா, அண்ணன் வண்டிலயா? இப்பத்தான் வுழுந்தாரு."

"அதாம்பா. நான் பின்னால ஏறலைன்னா இந்தாளு எங்கயும் நிக்க முடியாது. வூடு வந்து சேர மாட்டாரு. நீ போ, டூட்டிக்கு நேரமாவுது."

பூபதி போனான். அன்றைக்கு மட்டும் அவனைப் பார்த்து நான் தலையாட்டினேன்.

நுனிக்காலில் வண்டியைப் பிடித்துக்கொண்டேன். பச்சையம்மா என் தோளைப் பிடித்து, ஒருக்களித்து ஏறினாள். சீட்டு அமுங்கியது.

"பட்டுதா?"

"பட்டுது."

"அப்ப கெளம்பு. வூட்டாண்ட எறங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்றேன். உஷாரா இரு."